பின் லேபிள்

மே மாதத்தில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள்
இந்த மும்பையில் நாங்கள் ஐந்து பேர்தான்.
ஆண்டாப் ஹில் கிடங்கின் மூன்றாம் கதவுக்குள்
பதினாறு டிகிரி.
குளிர் எங்களுக்கில்லை, பாட்டில்களுக்கு.
வெளியே லாரிக்காரன் பனியனைப் பிழிகிறான்.

முன்பக்கம் அவர்களுடையது:
கோட்டை, காளை, யாரோ ஒருவரின் கையெழுத்து.
பின்பக்கம் என்னுடையது.
இறக்குமதியாளர் முகவரி, விலை,
மகாராஷ்டிராவில் மட்டும் விற்பனைக்கு,
மது உடல்நலத்திற்குக் கேடு.
கோணாமல் ஒட்ட வேண்டும்.
குமிழி வந்தால் கட்டைவிரலால் தள்ளி
ஓரம்வரை ஓட்டிவிட வேண்டும்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு முறை
கேடு, கேடு என்று தடவிக்கொடுக்கிறேன்.

கழிப்பறைக்குப் போகிற வழியில் ஸ்பெயின் தொங்குகிறது.
சேல்ஸ் பையன் டிமெல்லோ மாட்டிவிட்டுப் போனது.
வரிசை நீளமென்றால் படிப்பேன்.
வடக்கே எப்ரோ ஆற்றோரம் ரியோஹா.
அங்கே அந்தப் பழத்துக்குப் பேர் தெம்ப்ரானியோ,
முந்திக்கொண்டு பழுப்பதால்.
துவேரோ ஆற்றங்கரைக்கு வந்தால் தின்தோ ஃபினோ.
இன்னும் மேற்கே, மணலும் வெயிலுமான தோரோவில்
தோல் தடித்து, ஊர்ப்பேரையும் சேர்த்துக்கொண்டு
தின்தா தெ தோரோ.
லா மான்சா சமவெளியில் சென்சிபெல்.
கத்தலோனியாவில் முயல் கண்.
ஒரே பழம்.
ஒரே பழம்தான் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.

நானும் அப்படித்தான், என்ன.
ஞானஸ்நானத்தில் ஜெபக்கனி.
ரேஷன் கார்டில் ஜபாகானி.
சூப்பர்வைசர் பருச்சாவுக்கு ஜெபா;
நீளம் என்று கனியை வெட்டிவிட்டார்.
பக்கத்து மேசை ஷெவந்தா கூப்பிடுவது அக்கா,
அவள்தான் நாலு வயது மூத்தவள்.

பிரியோராட் பெட்டிகள் கனம்.
அங்கே மண்ணே இல்லையாம், கரிய பலகைக்கல்.
விரிசல் தேடித் தேடி வேர் இறங்குமாம்,
இரண்டு மாடி ஆழம்.
ஹுமியாவில் மழை வருவதே அபூர்வம்.
கொடிக்குப் பந்தல் இல்லை, கம்பி இல்லை.
குத்துச்செடியாய்த் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும்,
ஒன்றின் தண்ணீரை ஒன்று கேட்காமல்.
தாராவியில் எங்கள் சந்தில்
யாருக்கும் அந்த வசதி இல்லை.

போன வியாழன் தோரோ ஒன்று கை நழுவியது.
என் கைதான். பசை ஈரம்.
சத்தம் சின்னது. நிறம்தான் நிற்காமல் போனது,
மேசைக்கால், செருப்பு,
என் சல்வாரின் முழங்கால் வரை.
கலால்காரருக்குக் காட்ட
உடைந்த கழுத்தை மூடியோடு கவரில் போட்டார் பருச்சா.
மீதியைத் துடைக்கச் சொன்னார்.
மண்டியிட்டுத் துடைத்தேன்.
நாவல்பழம், புதுச் செருப்பின் தோல்,
கிராம்பு டப்பாவைத் திறந்த மாதிரி ஏதோ,
அப்புறம் பேர் தெரியாத ஒன்று,
துணியிலிருந்து ஒவ்வொன்றாய் எழும்பி வந்தன.
நான் குடித்ததில்லை. சத்தியமாய்.
விரலை முகர்ந்ததைக் கணக்கில் சேர்ப்பீர்களா,
தெரியாது.

சாயங்காலம் பஸ்ஸில்
பக்கத்திலிருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.
பின்னால் காலேஜ் பையன்கள் சிரித்தார்கள்.
பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக
சயான் வரை எனக்குச் சன்னலோரம்.

ஞாயிறு, திருவிருந்து.
தாதர் மார்க்கெட் கிஸ்மிஸை ஊறவைத்து
ஐயரம்மா காய்ச்சிய திராட்சைரசம்,
கட்டைவிரல் உயரக் கிண்ணத்தில்.
ஐயர் சிந்திய இரத்தத்தைச் சொல்லி ஜெபித்தார்.
எனக்குத் தோரோ தரையில் ஓடியதுதான் ஞாபகம் வந்தது,
அதற்காகச் சம்பளத்தில் பிடித்த
எண்ணூற்று அறுபது ரூபாயும்.
விழுங்கினேன். இனிப்பு.
கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன், கைப்பழக்கம்.
பின்பக்கம் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.